மிஸ்ஸியின் தட்டில் என்ன இருக்கிறது?

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி தெலுக் பங்லிமா காராங்கில் நடைபெற்ற குடும்பச் சுகாதார நாளில், ஓய்வுபெற்ற சமூகத் தாதி ஒருவர் ஆற்றிய உரை)





நம் சங்கம் தொடங்கப்பட்டபோது நான் பள்ளிச் சீருடையில் இருந்தேன். இன்று அதன் பொன்விழா மேடையில் நிற்கிறேன், அல்ஹம்துலில்லாஹ். செயலாளர் தம்பி எனக்குக் கொடுத்த தலைப்பு, "சுகாதாரத்தை வளர்ப்பதிலும் முன்மாதிரியாகத் திகழ்வதிலும் தாதியரின் பங்கு." தலைப்பின் முதல் பாதியைப் பற்றி மூன்று மணி நேரம் கூடப் பேசுவேன். முப்பத்தொன்பது வருடம் செய்த வேலை அது. இரண்டாம் பாதியைப் படித்ததும் கொஞ்சம் கலங்கிப்போனேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தாதி என்பது நாம் எழுதுகிற சொல். வாயால் சொல்லும்போது எல்லாருக்கும் நாங்கள் "மிஸ்ஸி"தான். கேரித் தீவுத் தோட்டத்துப் பாட்டிக்கும் மிஸ்ஸி, சிஜாங்காங் மலாய்க்காரப் பெண்ணுக்கும் மிஸ்ஸி, ஜெஞ்சாரோம் சீனக் கடைக்காரருக்கும் மிஸ்ஸி. மருத்துவர்கள் மாற்றலாகிப் போய்க்கொண்டே இருப்பார்கள். மிஸ்ஸி அதே கிளினிக்கில் பத்து, பதினைந்து வருடம் இருப்பாள். நோயாளியின் மாமியார் பெயர் வரைக்கும் அவளுக்குத் தெரியும். அதனால் வரும் பொறுப்பைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 1957இல் நாடு சுதந்திரம் பெற்றபோது, ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஏறத்தாழ 280 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். பிள்ளை பெறப்போன பெண் திரும்பி வராத வீடு கிராமத்துக்கு ஒன்றாவது இருந்த காலம் அது. 1990களில் அந்த எண்ணிக்கை ஐம்பதுக்குக் கீழே வந்துவிட்டது. எப்படி இவ்வளவு குறைந்தது என்று உலக வங்கி ஓர் ஆய்வு நடத்தி 2003இல் நூலாக வெளியிட்டது. மலேசியாவையும் இலங்கையையும் பற்றிய அந்த ஆய்வுக்குத் தலைமை ஏற்றவர் நம் நாட்டு மருத்துவர் இந்திரா பத்மநாதன். பெரிய இயந்திரங்களோ பணக்கார மருத்துவமனைகளோ முதற்காரணம் இல்லை. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும் தாதியரும் கிராமத்துக்கே போய் வேலை செய்ததுதான் அடித்தளம் என்று அந்த நூல் விளக்குகிறது.

அவர்கள் போனது மட்டுமல்ல, அங்கேயே தங்கினார்கள். 1953இல் கெடாவின் ஜித்ராவில் கிராமச் சுகாதாரப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதன் பிறகு நாடு முழுக்க எழுந்த சிறிய கிளினிக்குகளில் ஒரு பக்கம் கிளினிக், மறு பக்கம் மருத்துவச்சியின் வீடு. ஏறத்தாழ 2,000 பேருக்கு ஒன்று என்று கணக்கு. பிற்காலத்தில் கிளினிக் டேசா என்று மாற்றி, 4,000 பேருக்கு ஒன்று என்று வைத்தார்கள். நான் முதலில் வேலை பார்த்ததும் அப்படி ஒரு பலகை வீட்டில்தான்.

யோசித்துப் பாருங்கள். கிளினிக்கும் வீடும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் ஊரார் எதைப் பார்ப்பார்கள்? மிஸ்ஸி தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறாளா, அவள் பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறதா, சுவரிலே "தாய்ப்பால் கொடுங்கள்" என்று படம் ஒட்டிவிட்டு உள்ளே புட்டிப்பால் கரைக்கிறாளா, எல்லாம் சன்னல் வழியே தெரியும். அந்தக் காலத்து மூத்த தாதி ஒருவர் எனக்குச் சொன்னது: "கொடியிலே துணி காயப்போடுறதைக் கூட பாத்து செய்யணும், நம்ம வீட்டுக் கொடிதான் அவங்களுக்குப் பாடப் புத்தகம்."

கிராமத்துப் பாரம்பரிய மருத்துவச்சிகளை, அதாவது பீடான் கம்போங் என்பவர்களை, அவர்கள் விரட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வயிற்றைத் தடவிக் கொடுப்பதும் துஆ ஓதுவதும் பாட்டியின் பொறுப்பு, பிரசவம் பார்ப்பது தாதியின் பொறுப்பு என்று பேசி முடித்துக்கொண்டார்கள். சண்டை போட்டிருந்தால் ஒரு பெண்ணும் கிளினிக் வாசலை மிதித்திருக்க மாட்டாள். படித்துவிட்டு வரும் இளம் தாதியருக்கு நான் இதை அடிக்கடி சொல்வேன். அவர்கள் அடிக்கடி மறந்துவிடுவார்கள்.

நம் சமுதாயத்தில் பெண் பிள்ளைகளைத் தாதி வேலைக்கு அனுப்ப அப்போது தயங்கினார்கள். வெள்ளைக் கவுன், இரவு வேலை, ஆண் நோயாளிகள் என்று எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது. என் நன்னாதான் ருஃபைதா அல்-அஸ்லமிய்யா அவர்களின் பெயரைச் சொல்லி வாயை அடைத்தார். அகழ்ப் போரில் அம்பு பட்ட ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களைப் பள்ளிவாசலில் இருந்த ருஃபைதாவின் கூடாரத்தில் வைத்துத்தான் நபி (ஸல்) அவர்கள் சிகிச்சை பெறச் செய்தார்கள். "பள்ளிவாசலுக்குள்ளேயே ஒரு பொம்பளை மருந்து கட்டியிருக்கா, நீங்க பந்திங்குக்கு அனுப்ப யோசிக்கிறீங்களா?" என்றார். அடுத்த மாதம் நான் பயிற்சிக்குப் போனேன்.

இனி அந்த இரண்டாம் பாதிக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணம். பிரியாணியும் டால்ச்சாவும் ஆட்டுக்கறியும் மணத்துக்கொண்டிருந்தன. கூட சிவப்பு நிறத்தில் சிராப் தண்ணீர். அடுத்த வாரம் கிளினிக்கில் ஓர் அக்கா தராசில் ஏறினார். மூன்று கிலோ கூடியிருந்தது, இனிப்பு நீரும் எகிறியிருந்தது. நான் வழக்கம்போல ஏச ஆரம்பித்தேன். சோறு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, ஏன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மிஸ்ஸி, அன்னைக்குக் கல்யாணத்துல நீங்க ரெண்டு தடவை பிரியாணி வாங்குனீங்க. நானும் எதிர் மேசையிலதான் இருந்தேன். நீங்க படிச்சவங்க, ரெண்டு தடவை வாங்குனா ஒண்ணும் செய்யாதுன்னு நினைச்சுத்தான் நானும் வாங்குனேன்."

கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்திருக்கிறார். நான் ஐந்து வருடமாக வாயால் கொடுத்த அறிவுரைகளை என் தட்டு ஒரே பகலில் அடித்துத் தள்ளிவிட்டது.

அதைவிட மோசமான ஒன்று உண்டு. அப்போது எனக்கே இனிப்பு நீர் இருந்தது. கண்டுபிடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிட்டேன். கூட வேலை செய்தவர்களுக்குக் கூடச் சொல்லவில்லை. மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் எனக்கு 9.2 வந்தது. அதே வாரம் 8.5 வந்த ஒரு நோயாளியை நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன்.

என் அத்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இராமநாதபுரத்திலிருந்து வந்து முப்பது வருடம் ஒட்டுக்கடையில் தேத்தண்ணி ஆற்றியவர். கை உயரத்துக்கு மேலே தூக்கி ஆற்றும்போது ஒரு சொட்டு சிந்தாது. நாள் முழுக்க அதை ருசி பார்த்தே குடிப்பார். டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான்; அதற்கு மேல் வாடிக்கையாளருக்காக இன்னொரு கரண்டிச் சீனி. ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்குச் சேர்க்கிற சீனி 12 தேக்கரண்டியைத் தாண்டக் கூடாது, 6க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அத்தா பசியாறும் நேரத்துக்குள்ளேயே அந்த 6ஐக் கடந்திருப்பார். 1996இல் காலில் ஒரு சின்னக் கொப்புளம். செருப்பு கடித்தது என்றார். ஆறு வாரத்தில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. நான் தாதியாகிப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது அப்போது.

அவரிடம் நீ சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னேன். சொல்லிவிட்டு, அவர் ஆற்றிக் கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக் குடித்தேன்.

எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்றால் இந்த மேடையில் சொல்லியிருக்க மாட்டேன். சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரியவந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. இந்த மண்டபத்தில் மூன்று நாற்காலிக்கு ஒரு நாற்காலி. அதைவிட எனக்குப் பயம் தருவது, அந்த 18.3இல் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது என்பது. டயாலிசிஸுக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மூலகாரணம் இதே இனிப்பு நீர்தான். கிள்ளானிலோ பந்திங்கிலோ டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். நமக்குத் தெரிந்த முகம் ஒன்றாவது அங்கே படுத்திருக்கும்.

அந்த அக்கா சொன்ன பிறகு நான் செய்தது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. அடுத்த முறை அவர் வந்தபோது என் சோதனை அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "எனக்கும் இருக்குக்கா. ஒன்பது புள்ளி ரெண்டு. உங்களைவிட அதிகம்" என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து குறைப்போம்" என்றார். சாயங்காலம் திடலைச் சுற்றி நடக்க ஆரம்பித்தோம். முதலில் இரண்டு பேர், பிறகு ஒன்பது பேர் வரை வந்தார்கள், மழைக்காலத்தில் மறுபடி நான்கு பேர் ஆனோம். கால் தட்டுக் காய்கறி பழமில்லை, அரைத் தட்டு. கால் தட்டுச் சோறு, கால் தட்டு மீனோ கோழியோ என்று அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செப்பாரோ" முறையைக் கிளினிக்கில் எத்தனையோ முறை படம் காட்டி விளக்கியிருக்கிறேன். அது அவர்கள் வீட்டுக்குள் போனது நான் என் மதியச் சோற்றுப் பாத்திரத்தைக் கிளினிக் முன்மேசையில் வைத்துத் திறந்து சாப்பிட ஆரம்பித்த பிறகுதான். ஒளிந்து சாப்பிடுவதை நிறுத்தினேன், அவ்வளவுதான்.

எனக்கு 9.2 ஒன்றரை வருடத்தில் 7.1க்கு வந்தது. அதன்பின் ஒரு முறை 8க்கு ஏறியது, அதையும் சொன்னேன். இன்றும் நான் ஒல்லி இல்லை, நீங்கள் பார்க்கிறீர்கள். முன்மாதிரி என்றால் விளம்பரப் படத்தில் வரும் தாதி மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்து எத்தனையோ தாதியர் கூனிக் குறுகிப் போகிறார்கள். இரவு வேலையில் விடிகாலை மூன்று மணிக்கு நாசி லெமாக்கும் மைலோவும் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு இது. நோயாளிக்குத் தேவைப்படுவது குறையில்லாத மிஸ்ஸி இல்லை என்பது என் அனுபவம். தன்னைப் போலவே தடுமாறுகிற, ஆனால் விட்டுவிடாத ஒருத்தி எதிரில் உட்கார்ந்திருந்தால் அவர்கள் உண்மையைச் சொல்கிறார்கள். மாத்திரையை விட்டுவிட்டேன் என்று சொல்கிறார்கள், நாட்டு மருந்து குடிக்கிறேன் என்று சொல்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் நாங்கள் என்ன மருத்துவம் பார்ப்பது?

கோவிட் காலத்தில் இதையே இன்னொரு விதமாகப் பார்த்தேன். 2021 பிப்ரவரி 24ஆம் தேதி நம் நாட்டில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. முன்களப் பணியாளர்களுக்கு முதலில் போட்டார்கள். நான் போட்டுக்கொண்டதும் கைச் சட்டையை மடித்துப் படம் எடுத்துக் குடும்பப் புலனக் குழுவில் போட்டேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. மூன்றாவது வாரம் என் மாமி தொலைபேசியில் கூப்பிட்டார்: "நீ நல்லாத்தான் இருக்கே போல. எனக்கும் பேரைப் பதிஞ்சு விடு." மூன்று வாரமாக நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்! அந்த ஆண்டு ஜூலையில் கிள்ளான் பள்ளத்தாக்கு பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாமி இரண்டு ஊசியும் போட்டு முடித்திருந்தார்.

கடைசியாக, ஆனால் எனக்கு மிக முக்கியமான விஷயம், ரமலான்.

2001இல் 13 முஸ்லிம் மக்கள் வாழும் நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட இனிப்பு நீர் நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். மலேசியாவும் அதில் ஒன்று. பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு, ரமலானில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிப்போவது மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு கூடுகிறது என்று கண்டார்கள். காரணம் எளிது. சில மாத்திரைகளும் இன்சுலினும், நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். வழக்கமான காலை அளவை அப்படியே ஸஹரில் எடுத்துவிட்டு, பகல் முழுதும் வெறும் வயிற்றில் இருந்தால், அஸர் நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். வீட்டில் உள்ளவர்கள் நோன்புக் களைப்பு என்று எண்ணி, கொஞ்சம் படுங்கள் என்பார்கள். படுத்தவர் எழுந்திருக்காமல் போனதும் உண்டு.

சர்க்கரை 3.9க்குக் கீழே இறங்கினாலோ 16.6க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். நோயாளிக்கு அல்லாஹ் தந்திருக்கும் சலுகையைப் பற்றி நான் பேசத் தேவையில்லை. இமாம் அவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். ஆனால் நம் ஆட்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, சட்டம் தெரியாமல் இல்லை. வெட்கம்தான். மருமகள் முன்னால் தண்ணீர் குடிப்பதா, பேரப்பிள்ளைகூட நோன்பு வைத்திருக்கும்போது நான் விடுவதா என்று.

ஒரு ரமலானில் எனக்கே அது நடந்தது. மதியம் மூன்றரை மணி. கிளினிக்கில் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தது. குத்திப் பார்த்தேன், 3.4. உள்ளே போய் ஒளிந்து குடித்துவிட்டு வரலாம் என்றுதான் முதலில் எழுந்தேன். அந்தப் பிரியாணி அக்கா வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்தேன். எல்லார் முன்னாலும் இனிப்பு நீரைக் குடித்து நோன்பை முறித்தேன். ஏன் என்று மலாயிலும் தமிழிலும் சொன்னேன். சில முகங்கள் சுளித்தன, மறைக்க மாட்டேன். பிறகு அந்த நோன்பைக் கழாச் செய்தேன். ஆனால் அந்த வாரத்துக்குள் நான்கு பெண்கள் தனியே வந்து, "எனக்கும் அஸருக்குப் பிறகு இப்படித்தான் வருது, நான் யாரிடமும் சொல்லலை" என்றார்கள். நான்கு பேருக்கும் மருத்துவர் மாத்திரை அளவை மாற்றிக் கொடுத்தார். அவர்களில் மூன்று பேர் மீதி மாதத்தை நல்லபடியாக நோற்று முடித்தார்கள்.

ஆகவே ரமலானுக்கு ஆறு வாரம், குறைந்தது ஒரு மாதம் முன்னதாகக் கிளினிக்குக்குப் போங்கள். மாத்திரை அளவை நீங்களாக மாற்றாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் மாற்றியதைப் பார்த்தும் மாற்றாதீர்கள். நோன்புக் கஞ்சியோடு போதும், சிராப்பை விடுங்கள். கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு கோரிக்கை: தேத்தண்ணியில் இனிப்பைக் குறைத்துப் போட்டு, வேண்டுகிறவருக்குச் சீனியைத் தனியாக வையுங்கள். இன்றைய விருந்திலும் அப்படித்தான் வைக்கச் சொல்லியிருக்கிறேன். சமையல் கமிட்டித் தலைவர் என்னை முறைத்துப் பார்க்கிறார், பரவாயில்லை.

மண்டபத்தின் வலப்பக்கம் மேசை போட்டிருக்கிறோம். தாதி பயிற்சியில் இருக்கும் நம் சங்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பார்ப்பார்கள். மேடையிலிருந்து இறங்கியதும் முதலில் என் விரலைத்தான் குத்தப்போகிறார்கள். எண்ணைச் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். நேற்று இரவு பேத்தி பிறந்தநாள் கேக் ஒரு துண்டு சாப்பிட்டேன், என்ன வருமோ தெரியாது. எனக்குப் பின்னால் தலைவர் அவர்கள் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதன் பிறகு வரிசை.